வீட்டுக் கம்ப்யூட்டர், வெள்ளைத் துணி, ஊர்க்கூட்டம்

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. பிள்ளைகள் கேம் விளையாடியாயிற்று. கல்யாண ஆல்பத்தை ஏற்றி உறவினர்களுக்குக் காட்டியாயிற்று. "இதை வைத்து இன்னும் என்னதான் செய்யலாம்?" என்று கேட்கும் புதிய வாசகர்களுக்காக இந்தக் கட்டுரை. உங்கள் கம்ப்யூட்டருடன் ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளைத் துணி, இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்தால், உங்கள் தெருவே உட்கார்ந்து படம் பார்க்கலாம். தியேட்டருக்கும் டிவிக்கும் வராத, பார்த்தபின் நம்மை யோசிக்க வைக்கிற படங்களை ஊராருடன் சேர்ந்து பார்ப்பது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

புதுக்கோட்டை மாவட்டம், விராலிமலை வட்டத்தில் உள்ள ஆவூரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியநாயகி அன்னை ஆலயத்தின் பாஸ்கா திருவிழாவுக்கும் அதையொட்டிய ஜல்லிக்கட்டுக்கும் சுற்றுவட்டாரமே திரளும் ஊர் இது. ஆனால் இங்கே இருக்கும் ஒருவர் சத்யஜித் ரேயின் படம் ஒன்றைப் பெரிய திரையில் பார்க்க ஆசைப்பட்டால், பஸ் ஏறித் திருச்சிக்குப் போனாலும் அங்கே புதுப்படங்கள்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

"அதுதான் செல்போனில் பார்க்கலாமே" என்பீர்கள். பார்க்கலாம். ஆனால் மெதுவாக நகரும் படத்தைத் தனியாகப் போனில் பார்க்கும்போது, பத்தாவது நிமிடத்தில் வாட்ஸ்அப் செய்தி வரும். படம் அத்தோடு நின்றுவிடும். பக்கத்தில் அறுபது பேர் உட்கார்ந்திருந்தால் எழுந்துபோக மனம் வராது. படம் முடிந்ததும் எதிர்வீட்டு அத்தை, "அந்தப் பொண்ணு ஏன் அந்தச் சங்கிலியைத் திருடுச்சு?" என்று கேட்டால் யாராவது பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

திருச்சியில் தொடங்கிய கதை

மெஷினைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டுவது நம் பகுதிக்குப் புதிதல்ல. திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ஆம் ஆண்டு டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு புரொஜெக்டரையும் சில படச்சுருள்களையும் வாங்கினார். அவற்றில் ஒன்று இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படம். வேலையை விட்டுவிட்டு, கூடாரம் அடித்துப் பல ஊர்களில் படம் காட்டினார். பிறகு 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார்.

வேடிக்கை பார்ப்பதற்காக மட்டும் அல்லாமல், படத்தைப் பார்த்துப் பேசுவதற்காகக் கூடும் பழக்கம் நம் நாட்டில் பிலிம் சொசைட்டிகள் மூலம் வளர்ந்தது. 1947-இல் சத்யஜித் ரே, சிதானந்த தாஸ்குப்தா முதலிய நண்பர்கள் கல்கத்தா பிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். 1959-இல் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானபோது ரேயே அதன் முதல் தலைவர் ஆனார். இவை பெரும்பாலும் நகரங்களில் உறுப்பினர் கட்டணம் கட்டியவர்களுக்காக நடந்தன. கிராமம் வெளியே நின்றது.

அந்த வேலியைத் தாண்டியவர்களில் முக்கியமானவர் ஜான் ஆபிரகாம். தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) படத்தை எடுத்தவர் இவர்தான். 1984-இல் கேரளத்தில் நண்பர்களுடன் 'ஒடேசா' என்ற குழுவைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய் சார்லி சாப்ளினின் 'தி கிட்' போன்ற படங்களைத் திரையிட்டார்கள். வந்தவர்களிடம் சிறு சிறு தொகையாக நன்கொடை வசூலித்தார்கள். அப்படிச் சேர்ந்த பணத்தில் உருவான படம்தான் 'அம்ம அறியான்' (1986). பார்வையாளர்களே தயாரிப்பாளர்களான படம் அது.

தமிழ்நாட்டிலும் இந்த வழி தொடர்ந்தது. நெல்லையில் ஆர்.ஆர்.சீனிவாசன் முன்னின்று நடத்திய 'காஞ்சனை' திரைப்பட இயக்கம் நல்ல படங்களைத் திரையிட்டு வந்தது. 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணி ஆற்றில் மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தில் வந்த 17 பேர் இறந்ததைப் பற்றி அவர் எடுத்த ஆவணப்படம் 'நதியின் மரணம்'. துப்புரவுத் தொழிலாளர்களின் நிலையைக் காட்டிய திவ்யபாரதியின் 'கக்கூஸ்' 2017-இல் வெளிவந்தது. சில இடங்களில் அதன் திரையிடலுக்குக் காவல்துறை அனுமதி மறுத்தது. பிறகு படம் யூடியூபில் வெளியிடப்பட்டது. படத்தை ஊருக்குக் கொண்டுசெல்ல ஒரு காலத்தில் படச்சுருள் பெட்டியும் வேனும் தேவைப்பட்டன. இன்று பென் டிரைவ் போதும்.

அரசும் இதைச் செய்து பார்த்திருக்கிறது. 2022-23 கல்வியாண்டில் தமிழகப் பள்ளிக்கல்வித் துறை, அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு சிறார் திரைப்படம் காட்டும் திட்டத்தைத் தொடங்கியது. பிரான்ஸ் நாட்டின் 'தி ரெட் பலூன்', சாப்ளினின் 'தி கிட்' போன்ற படங்கள் காட்டப்பட்டன. படத்துக்கு முன் ஆசிரியர் அறிமுகம் செய்யவேண்டும், படத்துக்குப் பின் மாணவர்கள் பேசவேண்டும் என்பது ஏற்பாடு. 1984-இல் ஒடேசா குழு காட்டிய அதே சாப்ளின் படம், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து நம் ஊர்ப் பிள்ளைகளிடமும் வந்து சேர்ந்தது.

எந்தப் படம்?

முதல் திரையிடலுக்கு நீளம் குறைந்த, வசனம் குறைந்த படமாக எடுத்துக்கொள்ளுங்கள். 'தி ரெட் பலூன்' (1956) 34 நிமிடம்தான். ஒரு சிறுவனும் ஒரு பலூனும் மட்டும்தான் கதை. பேச்சு மிகக் குறைவு. 'தி கிட்' (1921) ஊமைப்படம். சுமார் ஒரு மணி நேரம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ரசிக்கலாம். கூட்டம் பழகிய பிறகு 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948), 'பதேர் பாஞ்சாலி' (1955) என்று போகலாம். மேலே அத்தை கேட்ட சங்கிலிக் கேள்வி 'பதேர் பாஞ்சாலி'யில் வரும் துர்காவைப் பற்றியதுதான். வேலைக்குத் தேவையான சைக்கிள் திருடு போனால் ஒரு குடும்பம் என்ன ஆகும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். டிக்கெட் வாங்காவிட்டாலும் ஊருக்குக் காட்டுவது பொதுத் திரையிடல்தான். கவனிக்க வேண்டியவை:

1. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு திரைப்படத்தின் உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் இருக்கும். 'பதேர் பாஞ்சாலி'க்கு அந்தக் காலம் 2015 இறுதியில் முடிந்தது. புதிதாகச் சேர்த்த இசை, சப்டைட்டில் போன்றவற்றுக்குத் தனி உரிமை இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

2. புதிய படம் என்றால் உரிமையாளரிடம் அனுமதி வாங்குங்கள். ஆவணப்பட இயக்குநர்கள் பலர் கேட்டால் மகிழ்ச்சியுடன் தருவார்கள். சிலர் நேரிலும் வந்து பேசுவார்கள். எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

3. நீங்கள் மாதச் சந்தா கட்டும் ஓடிடி கணக்கு பொதுவாக வீட்டில் பார்ப்பதற்கு மட்டும்தான். அதைத் தெருவில் போட்டுக் காட்டக் கூடாது.

4. பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவை என்கிறது 1952-ஆம் ஆண்டு சினிமாட்டோகிராப் சட்டம். படத்துக்குச் சான்றிதழ் உண்டா என்று முன்பே பாருங்கள். ஊராட்சியிலும் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டால், பாதிப் படத்தில் நிறுத்த வேண்டிய நிலை வராது.

என்னென்ன தேவை?

கம்ப்யூட்டர்: சாதாரண லேப்டாப் போதும். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் அவசியம். படத்தை முன்கூட்டியே ஹார்டு டிஸ்கில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு இன்டர்நெட்டை நம்பவேண்டாம்.

புரொஜெக்டர்: வாங்க வேண்டியதில்லை. கல்யாண வீடியோ எடுப்பவரிடமோ சவுண்ட் சர்வீஸ்காரரிடமோ ஓர் இரவுக்கு வாடகைக்குக் கிடைக்கும். அதன் ஒளித்திறன் லூமென்ஸ் என்ற அளவில் சொல்லப்படும். விலை மலிவான சில மாடல்களின் பெட்டியில் பெரிய எண் போட்டிருப்பார்கள். 'ஆன்சி லூமென்ஸ்' எவ்வளவு என்று கேளுங்கள். 2000-க்குக் குறையாமல் இருந்தால் நல்லது.

திரை: சுருக்கம் இல்லாத கெட்டியான வெள்ளைத் துணி, அல்லது வெள்ளையடித்த சுவர். ஆசைப்பட்டு மிகப் பெரிதாக்காதீர்கள். 8 அடி அகலத் திரையின் பரப்பு 36 சதுர அடி. அகலத்தை 16 அடி ஆக்கினால் பரப்பு 144 சதுர அடி ஆகிவிடும். அதே வெளிச்சம் நான்கு மடங்கு இடத்தில் பரவுவதால் படம் மங்கிவிடும்.

ஒலி: திருவிழாவுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கர் வேண்டாம், வசனம் புரியாது. பெட்டி ஸ்பீக்கர் இரண்டைத் திரையின் இருபுறமும் வையுங்கள். கம்ப்யூட்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒயர் மூலம் ஆம்ப்ளிபயருக்குக் கொடுங்கள். புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வரும். உதடு ஒருபக்கம், பேச்சு ஒருபக்கம் போகும்.

இணைக்கும் முறை

1. கம்ப்யூட்டரையும் புரொஜெக்டரையும் எச்டிஎம்ஐ கேபிளால் இணையுங்கள். பழைய புரொஜெக்டரில் விஜிஏ மட்டும் இருந்தால் அதற்கான கன்வெர்ட்டர் தேவைப்படும்.

2. விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு பி கீயைத் தட்டுங்கள். வரும் பட்டியலில் 'டூப்ளிகேட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு திரையிலும் ஒரே படம் தெரியும்.

3. எச்டிஎம்ஐ இணைத்ததும் ஒலி தானாகப் புரொஜெக்டருக்குப் போய்விடும். திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்து, ஒலி வெளிவரும் இடத்தை மீண்டும் ஹெட்போன் அல்லது ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள்.

4. செட்டிங்ஸில் பவர் பகுதிக்குப் போய் 'ஸ்லீப்' என்பதை 'நெவர்' ஆக்குங்கள். நோட்டிபிகேஷன்களை நிறுத்துங்கள். இல்லையென்றால் முக்கியமான காட்சியில் உங்கள் பேங்க் இமெயில் ஊருக்கே தெரியும்!

5. படத்தை ஓட்ட விஎல்சி மீடியா பிளேயரைப் பயன்படுத்தலாம். இது இலவசம், பெரும்பாலான வீடியோ பைல்களை ஓட்டும். எப் கீயை அழுத்தினால் முழுத்திரையில் ஓடும்.

தமிழில் சப்டைட்டில்

இதுதான் மிக முக்கியமான வேலை. வங்காளப் படத்தை ஆங்கில சப்டைட்டிலோடு ஊரில் காட்டினால், கல்லூரி படித்த நான்கு பேர் மட்டும் பார்ப்பார்கள். மற்றவர்கள் நாகரிகமாக எழுந்து போய்விடுவார்கள். "கிராமத்து ஜனங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று நாமும் முடிவு கட்டிவிடுவோம். ஆனால் அவர்களுக்குப் புரியாமல் போனது ஆங்கிலம்தான்; படம் இல்லை.

சப்டைட்டில் பைல் என்பது வெறும் எழுத்துப் பைல். நோட்பேடில் திறந்தாலே தெரியும். எஸ்ஆர்டி வகைப் பைலில் ஒவ்வொரு வரியும் இப்படி இருக்கும்:

1
00:01:10,500 --> 00:01:13,200
அக்கா, மழை வரப்போகுது!

வரிசை எண், தோன்றும் நேரம், மறையும் நேரம், வசனம். அவ்வளவுதான். ஆங்கில எஸ்ஆர்டி பைல் இருந்தால் நேரத்தைத் தொடாமல் வசனத்தை மட்டும் தமிழாக்குங்கள். ஒன்றரை மணி நேரப் படத்தில் ஏறக்குறைய ஆயிரம் வரிகள் வரலாம். நான்கு பேர் பிரித்துக்கொண்டால் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் முடியும். எழுதும்போது:

* ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வாசிக்க நேரம் வேண்டுமல்லவா?

* பேச்சுத் தமிழுக்கு நெருக்கமாக எழுதுங்கள். "தாங்கள் எங்கு செல்கிறீர்கள்?" என்பதைவிட "எங்க போறீங்க?" என்பது கண்ணில் பட்டதும் புரியும்.

* யூனிகோடில் மட்டும் டைப் செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் திரையில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தெரியும்.

* நோட்பேடில் சேவ் ஆஸ் கொடுக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎப்-8 இருக்கவேண்டும்.

* வீடியோ பைலுக்கும் சப்டைட்டில் பைலுக்கும் ஒரே பெயர் வைத்து ஒரே போல்டரில் போடுங்கள். விஎல்சி தானாக எடுத்துக்கொள்ளும்.

விஎல்சியில் டூல்ஸ் மெனுவில் பிரிபரன்சஸ் சென்று, சப்டைட்டில்ஸ் பகுதியில் என்கோடிங்கை யுடிஎப்-8 ஆகவும், எழுத்துருவை நிர்மலா யுஐ ஆகவும் மாற்றுங்கள். எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து படிக்க முடிகிறதா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை. சப்டைட்டில் வசனத்துக்கு முந்தி வந்தால் எச் கீயையும், பிந்தி வந்தால் ஜி கீயையும் தட்டிச் சரிசெய்யலாம்.

படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு? ஊமைப்பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் கதை சொல்வது நம் ஊரிலும் இருந்தது. ஜப்பானில் 'பென்ஷி' என்று அதற்கெனவே கலைஞர்கள் இருந்தார்கள். நல்ல குரல் உள்ள ஒருவர் மைக்கில் சப்டைட்டிலை மெதுவாக வாசித்தாலே போதும்.

திரையை எங்கே கட்டுவது?

டெக்னிக்கல் விஷயம் அல்ல என்று இதை விட்டுவிடாதீர்கள். எந்தத் தெருவில் திரை கட்டுகிறீர்களோ, அதுதான் யார் வருவார்கள் என்பதை முடிவு செய்யும். ஒரு சமூகத்தாரின் தெருவில், ஒரு கோயில் வாசலில் கட்டினால் இன்னொரு தெருக்காரர் தயங்குவார். தயக்கம் இருக்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், வராமல் இருந்துவிடுவார்கள். பள்ளி மைதானம், நூலகம், ஊராட்சி அலுவலகத் திடல் போன்ற எல்லோருக்கும் பொதுவான இடமே சரி. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் ஹைடெக் லேபில் புரொஜெக்டரும் இருக்கும். தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

பெண்கள் வரவேண்டும் என்றால் நேரத்தையும் யோசியுங்கள். சமையல் முடிந்து, அதேநேரம் திரும்பிப் போக இரவு வெகுநேரம் ஆகாத வேளையாக இருக்கவேண்டும். போகும் வழியில் விளக்கு எரிகிறதா, கழிப்பறை உண்டா என்று பாருங்கள். நாற்காலி போட்டால் எல்லோருக்கும் போடுங்கள். இல்லையென்றால் எல்லோருக்கும் பாய் விரியுங்கள். முன்வரிசை நாற்காலி யாருக்கு என்பதிலேயே பல கூட்டங்கள் கெட்டுப்போயிருக்கின்றன.

சாதி, சாவு, போலீஸ் தடியடி போன்றவற்றைக் காட்டும் படம் என்றால், அந்த வலியை அனுபவித்தவர்கள் கூட்டத்தில் இருக்கக்கூடும். அவர்களிடம் முன்பே சொல்லி, அவர்கள் சம்மதித்தால் மட்டும் காட்டுங்கள். "அவர்களுக்காகத்தான் காட்டுகிறோம்" என்று நாமாக முடிவு செய்வது சரியல்ல.

படம் முடிந்த பிறகு

பெரும்பாலும் படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, நன்றி சொல்லி, பாயைச் சுருட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்யவேண்டாம். அரை மணி நேரம் பேச்சுக்கு ஒதுக்குங்கள். "படம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லாருந்துச்சு" என்ற பதில்தான் வரும். குறிப்பாகக் கேளுங்கள். 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்றால், "கடைசியில் அந்த அப்பா செய்தது தப்பா? அதைப் பையன் பார்த்துவிட்டானே, இனி அவன் அப்பாவை எப்படி நினைப்பான்?" என்று கேட்டுவிட்டு மைக்கை முதலில் பிள்ளைகளிடமும் பெண்களிடமும் கொடுங்கள். முதலில் பெரிய மனிதர்களிடம் கொடுத்தால் அவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். யாராவது படம் பிடிக்கவில்லை என்றால் அவரையும் முழுதாகப் பேசவிடுங்கள். அடுத்த படத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

அன்றைய தினம்

* முதல் நாள் இரவே அதே இடத்தில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். படம், ஒலி, தமிழ் எழுத்து மூன்றும் சரியா?

* படத்தின் இன்னொரு பிரதியை பென் டிரைவில் வைத்திருங்கள்.

* கரண்ட் போனால் லேப்டாப் ஓடும், புரொஜெக்டர் அணைந்துவிடும். இன்வெர்ட்டர் அல்லது ஜெனரேட்டருக்குச் சொல்லிவையுங்கள். பல்பு வகை புரொஜெக்டரை அணைத்ததும் பிளக்கைப் பிடுங்காதீர்கள்; உள்ளிருக்கும் மின்விசிறி நிற்கும்வரை பொறுங்கள்.

* ஒயர்கள் மேல் யாரும் கால் இடறாதபடி மண் போட்டு மூடுங்கள் அல்லது டேப் ஒட்டுங்கள்.

* திறந்தவெளி என்றால் நன்றாக இருட்டிய பிறகே தொடங்குங்கள். அமாவாசையை ஒட்டிய நாள் வைத்தால் படம் இன்னும் பளிச்சென்று தெரியும்.

முதல் முறை இருபது பேர் வந்தால் போதும். அடுத்த மாதம் எந்தத் தேதியில், எந்தப் படம் என்று அன்றிரவே அறிவித்துவிடுங்கள். அதற்கான சப்டைட்டில் பைலில் ஐம்பது ஐம்பது வரியாக யார் யார் தமிழாக்குவது என்று அங்கேயே பெயர் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் முதலில் கை தூக்குவார்கள்.